சைப்ரஸ் பிரிவினை: நில உரிமையும் தேசிய அடையாளமும்

சைப்ரஸ், மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் அமைந்த தீவு. பரப்பளவு 9,251 சதுர கி.மீ. சிசிலி, சார்டீனியா ஆகியவற்றுக்கு அடுத்து அக்கடலின் மூன்றாவது பெரிய தீவு இது. துருக்கியின் தென்கரை இங்கிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. கிரீஸ் நாட்டின் பெருநிலப்பகுதி ஏறத்தாழ 800 கி.மீ. மேற்கே இருக்கிறது. 1974 முதல் இத்தீவின் தென்பகுதியில் கிரேக்க சைப்ரஸ் மக்களும் வடபகுதியில் துருக்கிய சைப்ரஸ் மக்களும் பிரிந்து வாழ்கின்றனர்.

இந்தப் பிரிவினை எப்போது ஏற்பட்டது என்று கேட்டால், தெற்கே 1974 என்று சொல்வார்கள். வடக்கே 1963 என்று சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளிலும் நடந்தவை உண்மையே. ஆனால் எந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து இழந்தவர் யார், பறித்தவர் யார் என்பது மாறிவிடுகிறது. சைப்ரஸ் சிக்கலைப் படிக்கும் மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

தீவும் மக்களும்

கிரேக்க மொழி பேசுவோர் வெண்கலக் காலத்தின் இறுதியில், அதாவது இன்றைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இங்குக் குடியேறினர். பின்னர் அசீரியர், எகிப்தியர், பாரசீகர், ரோமானியர், பைசாந்தியர் எனப் பலர் ஆண்டனர். 1191இல் இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்ட் மன்னர் சிலுவைப்போருக்குச் செல்லும் வழியில் தீவைக் கைப்பற்றினார். அதன்பின் பிரான்சைச் சேர்ந்த லூசிஞன் மரபினர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளும், 1489 முதல் வெனிஸ் குடியரசும் ஆட்சி செய்தனர்.

1570-71இல் உதுமானியப் பேரரசு தீவை வென்றது. படைவீரர்கள் சிலர் இங்கேயே தங்கினர். அனத்தோலியாவிலிருந்து குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. உள்ளூர் மக்களில் சிலர் இசுலாத்தைத் தழுவினர். இன்றைய துருக்கிய சைப்ரஸ் மக்கள் இவர்களின் வழிவந்தவர்கள். நான்கு நூற்றாண்டுகளாக ஒரே மண்ணில் வாழ்ந்தவர்களை வந்தேறிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. மூவாயிரம் ஆண்டு மரபுடையவர்களைச் சிறுபான்மையாக எண்ணிவிடவும் முடியாது.

உதுமானியர் தம் குடிகளை இனத்தால் பிரிக்கவில்லை, மதத்தால் பிரித்தனர். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களின் தலைவராகப் பேராயரை ஏற்றுக்கொண்டனர். வரி வசூலிலும் அவருக்குப் பொறுப்பு இருந்தது. இதனால் சமயத் தலைமையே அரசியல் தலைமையாகவும் வளர்ந்தது. எனினும் இரு சமூகத்தாரும் சேர்ந்து வாழ்ந்த கலப்புக் கிராமங்கள் பல இருந்தன. வெளியே முஸ்லிமாகவும் வீட்டில் கிறித்தவராகவும் வாழ்ந்த மக்களை 'லினோபம்பாகி' என்று அழைத்தனர். லினனும் பருத்தியும் கலந்து நெய்த துணி போன்றவர்கள் என்பது அதன் பொருள்.

இரண்டு தாய்நாடுகள்

1878இல் உதுமானிய அரசுடன் செய்த ஒப்பந்தத்தின்படி தீவின் நிர்வாகம் பிரித்தானியரிடம் வந்தது. முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் பிரித்தானியர் அதைத் தம் ஆட்சிப்பகுதியாக இணைத்துக்கொண்டனர். 1923இல் லோசான் உடன்படிக்கை வழியாகத் துருக்கி இதை ஏற்றது. 1925இல் சைப்ரஸ் முடியாட்சிக் குடியேற்ற நாடானது.

இக்காலத்தில் கல்வி இரு சமூகங்களுக்கும் தனித்தனியே நடந்தது. கிரேக்கப் பள்ளிகள் கிரீஸின் பாடத்திட்டத்தையும், துருக்கியப் பள்ளிகள் துருக்கியின் பாடத்திட்டத்தையும் பின்பற்றின. ஒரே ஊரில் பிறந்த இரு குழந்தைகள் இரு வேறு நாடுகளின் வீரர்களைத் தம் முன்னோராகப் படித்து வளர்ந்தனர். கிறித்தவர் கிரேக்கராகவும் முஸ்லிம் துருக்கியராகவும் தம்மை உணர்ந்தது பெரும்பாலும் இந்தத் தலைமுறைகளில்தான்.

கிரேக்க சைப்ரஸ் மக்களின் கோரிக்கை 'எனோசிஸ்', அதாவது கிரீஸுடன் இணைதல். 1931 அக்டோபரில் இதற்காக எழுந்த கலவரத்தில் ஆளுநர் மாளிகை எரிக்கப்பட்டது. 1950 சனவரியில் திருச்சபை நடத்திய வாக்கெடுப்பில் கிரேக்க சைப்ரஸ் வாக்காளர்களில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் இணைப்பை ஆதரித்தனர். 1955 ஏப்ரல் 1 அன்று கிரிவாஸ் தலைமையிலான ஈயோகா இயக்கம் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. பேராயர் மூன்றாம் மக்காரியோஸ் அரசியல் தலைவராக இருந்தார்.

துருக்கிய சைப்ரஸ் மக்கள் இணைப்பை அஞ்சினர். கிரீஸின் ஒரு மாகாணத்தில் தாம் சிறு கூட்டமாகக் கரைந்துவிடுவோம் என்பது அவர்களின் கவலை. அவர்கள் முன்வைத்த மாற்று 'தக்சிம்', அதாவது தீவைப் பிரித்தல். ஈயோகாவை எதிர்கொள்ளப் பிரித்தானியர் துருக்கிய சைப்ரஸ் இளைஞர்களைத் துணைக் காவலர்களாகப் பெருமளவில் சேர்த்தது பகையை மேலும் கூட்டியது. விரைவில் டி.எம்.டி. என்ற துருக்கிய ஆயுத அமைப்பும் தோன்றியது. ஒரு தரப்பு தீவை முழுவதுமாக வேறொரு நாட்டுக்குக் கேட்டது. மறுதரப்பு பாதியாகக் கேட்டது. தனி நாடாக சைப்ரஸ் வேண்டும் என்று பெருந்திரளாகக் கேட்டவர்கள் இல்லை.

1960: கேட்காமல் வந்த விடுதலை

1959இல் சூரிச், லண்டன் நகரங்களில் ஏற்பட்ட உடன்பாடுகளின்படி, 1960 ஆகஸ்ட் 16 அன்று சைப்ரஸ் குடியரசு பிறந்தது. மக்காரியோஸ் குடியரசுத் தலைவர். துருக்கிய சமூகத்தின் ஃபாசில் கூச்சுக் துணைத் தலைவர். இணைப்பையும் பிரிவினையையும் அரசியலமைப்பு ஒருசேரத் தடை செய்தது. கிரீஸ், துருக்கி, பிரித்தானியா மூன்றும் உத்தரவாத நாடுகளாயின. அக்ரோத்திரி, தெக்கேலியா ஆகிய இரு தளப்பகுதிகளைப் பிரித்தானியா தன் இறையாண்மையின் கீழேயே வைத்துக்கொண்டது. அவை தீவின் பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடு.

அப்போது கிரேக்க சமூகம் மக்கள் தொகையில் ஏறத்தாழ 78 விழுக்காடாகவும், துருக்கிய சமூகம் 18 விழுக்காடாகவும் இருந்தன. அரசுப் பணிகள் 70:30 என்றும், படை 60:40 என்றும் பங்கிடப்பட்டன. வரிச் சட்டம் போன்றவற்றுக்கு இரு சமூக உறுப்பினர்களிடமும் தனித்தனிப் பெரும்பான்மை தேவைப்பட்டது. ஒவ்வொரு குடிமகனும் ஏதேனும் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவராகவே பதிவானார். மாரோனைட்டுகள், ஆர்மீனியர்கள் போன்ற சிறு குழுவினர்கூட இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது; அவர்கள் கிரேக்க சமூகத்தைத் தேர்ந்தனர். வெறுமனே 'சைப்ரஸ்காரர்' என்று பதிவு செய்துகொள்ள இடமில்லை.

கொடி எந்தச் சார்பும் அற்றதாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு கூறியது. அதனால் கிரீஸின் நீலமும் துருக்கியின் சிவப்பும் தவிர்க்கப்பட்டன. வெள்ளைப் பின்னணியில் செம்பு நிறத்தில் தீவின் வரைபடமும், அதன் கீழே இரு ஆலிவ் கிளைகளும் வரையப்பட்டன. ஆனால் விழா நாள்களில் மக்கள் ஏற்றியது பெரும்பாலும் கிரீஸின் கொடியையோ துருக்கியின் கொடியையோதான். இன்றும் தெற்கே ஒலிக்கும் நாட்டுப்பண் கிரீஸுடையது. வடக்கே ஒலிப்பது துருக்கியுடையது.

1963: துருக்கிய சமூகத்தின் தொடக்க ஆண்டு

இரு சமூகங்களும் ஒத்துழைத்தால் மட்டுமே இயங்கக்கூடிய அரசு மூன்றே ஆண்டுகளில் முடங்கியது. 1963 நவம்பரில் மக்காரியோஸ் 13 திருத்தங்களை முன்வைத்தார். நிர்வாகம் நடக்க இவை தேவை என்றது கிரேக்கத் தரப்பு. தம்மைப் பங்காளி நிலையிலிருந்து சிறுபான்மை நிலைக்குத் தள்ளும் முயற்சி என்றது துருக்கியத் தரப்பு. டிசம்பரில் நிக்கோசியாவில் மோதல் வெடித்தது. அம்மாத இறுதியில் பிரித்தானியத் தளபதி பீட்டர் யங் நகரின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். 'பச்சைக் கோடு' என்ற பெயர் அப்படி வந்தது.

ஏறத்தாழ 25,000 துருக்கிய சைப்ரஸ் மக்கள் தம் ஊர்களைவிட்டு, ஆயுதக் காவல் கொண்ட சிறு ஒதுக்கிடங்களுக்குச் சென்றனர். அரசுப் பதவிகளிலிருந்து துருக்கிய உறுப்பினர்கள் விலகினர். விரட்டப்பட்டதாக அவர்களும், தாமாகவே வெளியேறியதாக மறுதரப்பும் இன்றுவரை கூறிவருகின்றனர். 1964 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 186ஆம் தீர்மானத்தால் அமைதிப்படை வந்தது. அதன் முதல் தளபதி இந்தியாவின் கியானி. அவருக்குப் பின் வந்த தளபதி திம்மையா 1965 டிசம்பரில் பணியில் இருந்தபோதே சைப்ரஸில் காலமானார். 1974 போரின்போது அப்படைக்குத் தலைமை வகித்த பிரேம் சந்தும் இந்தியரே.

1974: கிரேக்க சமூகத்தின் தொடக்க ஆண்டு

1974 ஜூலை 15 அன்று, கிரீஸின் இராணுவ ஆட்சியினர் தூண்டுதலில், இணைப்பை விரும்பிய படையினர் மக்காரியோஸைக் கவிழ்த்தனர். ஜூலை 20 அன்று உத்தரவாத உடன்படிக்கையின் உரிமையைக் காட்டித் துருக்கி படையிறக்கியது. சில நாள்களில் கவிழ்ப்பு ஆட்சியும் ஏதென்சின் இராணுவ ஆட்சியும் விழுந்தன. அதன் பின்னரும், ஆகஸ்ட் 14 அன்று துருக்கி இரண்டாம் தாக்குதலைத் தொடங்கித் தீவின் ஏறத்தாழ 36 விழுக்காட்டைக் கைக்கொண்டது. கவிழ்ப்பு முறியடிக்கப்பட்ட பிறகு நடந்த இந்த இரண்டாம் கட்டமே துருக்கியின் வாதத்தில் பலவீனமான இடம்.

1,60,000க்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ் மக்கள் தெற்கே ஓடினர். 40,000க்கும் மேற்பட்ட துருக்கிய சைப்ரஸ் மக்கள் வடக்கே சென்றனர். 1983 நவம்பர் 15 அன்று வடபகுதி 'வட சைப்ரஸ் துருக்கியக் குடியரசு' என அறிவித்துக்கொண்டது. ஐ.நா. பாதுகாப்பு அவை இதைச் செல்லாது என்றது. இன்றுவரை துருக்கி மட்டுமே அதை அங்கீகரித்துள்ளது.

வீடும் ஊர்ப்பெயரும்

நில உரிமை என்பது வரைபடத்தோடு முடிவதில்லை. தெற்கே சென்றவரின் வீட்டில் வடக்கே வந்தவர் குடியேறினார். வடக்கே வந்தவரின் நிலம் தெற்கே கிடந்தது. அனத்தோலியாவிலிருந்தும் புதிதாக மக்கள் வந்து குடியேறினர். கிரீனியா நகரில் நிலம் வைத்திருந்த தித்தினா லோயிசிடு தொடுத்த வழக்கில், அவருடைய உரிமை மறைந்துவிடவில்லை என்று 1996இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் துருக்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1974க்குப் பின் அந்த வீடுகளிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் நிலை என்ன என்ற கேள்வி ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் எழுகிறது.

வடக்கே பல ஊர்களின் பெயர்களும் மாறின. கிரேக்க மக்கள் வாழ்ந்த மோர்ஃபு, 'அழகிய தாயகம்' என்று பொருள்படும் குசெல்யுர்ட் ஆனது. ஆனால் நிக்கோசியாவுக்கு வடக்கே உள்ள மலைத்தொடரைக் கிரேக்கர் பெந்ததாக்திலோஸ் என்பர். துருக்கியர் பெஷ்பர்மாக் என்பர். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: ஐந்து விரல்கள். அந்த மலைச்சரிவில் இன்று வடபகுதியின் கொடி பெரிதாகத் தீட்டப்பட்டுள்ளது. தெற்கு நிக்கோசியாவிலிருந்து பார்ப்போர் கண்ணிலிருந்து அது தப்பாது.

இணைக்கும் முயற்சிகள்

2003 ஏப்ரலில் கடவுப்பாதைகள் திறக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் தம் பழைய வீடுகளைப் பார்க்கச் சென்றனர். 2004 ஏப்ரல் 24 அன்று, ஐ.நா. பொதுச்செயலர் கோபி அன்னானின் கூட்டாட்சித் திட்டம் இருபுறமும் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. துருக்கிய சைப்ரஸ் மக்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஏற்றனர். கிரேக்க சைப்ரஸ் மக்களில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் மறுத்தனர். துருக்கியப் படை முழுவதும் வெளியேறாது, வீடு திரும்பும் உரிமை முழுமையாகக் கிடைக்காது என்பவை மறுத்தோரின் முக்கியக் காரணங்கள். அடுத்த வாரமே, மே 1 அன்று, சைப்ரஸ் பிரிந்த நிலையிலேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2017இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொந்தானாவில் நடந்த பேச்சும் தோற்றது.

இரு ஆண்டுகளும் சேரும் பட்டியல்

தெற்கே பள்ளிக் குறிப்பேடுகளில் 'நான் மறவேன்' என்ற வாசகம் அச்சிடப்பட்டு வந்துள்ளது. அது நினைவூட்டுவது 1974ஐ. வடக்கே பாடநூல்கள் அழுத்திச் சொல்வது 1963ஐ. வடக்கே வரலாற்றுப் பாடநூல்கள் 2004இல் இணக்கமான முறையில் திருத்தி எழுதப்பட்டன. 2009இல் ஆட்சி மாறியதும் மீண்டும் மாற்றப்பட்டன.

ஆனால் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து நிற்கும் ஓர் ஆவணம் உண்டு. அது 1981இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் குழுவின் பட்டியல். அதில் மொத்தம் 2,002 பெயர்கள்: 1,510 கிரேக்க சைப்ரஸ் மக்கள், 492 துருக்கிய சைப்ரஸ் மக்கள். 1963-64இல் மறைந்தவர்களும் 1974இல் மறைந்தவர்களும் அதில் அடங்குவர். இரு சமூகத்து அறிவியலாளர்களும் ஒன்றாகப் பணிபுரிந்து, இடைநிலப் பகுதியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் எலும்புகளை அடையாளம் காண்கின்றனர். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அங்கே ஒருவரின் இழப்பை ஏற்பதற்கு மற்றவரின் இழப்பை மறுக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டில் கணக்கைத் தொடங்குவது என்ற வழக்குக்கு இரு தரப்பாரும் சேர்ந்து இதுவரை கண்டுள்ள விடை இந்தப் பட்டியல் ஒன்றுதான்.