செங்காந்தள்: புதர்க்காட்டிலிருந்து வயலுக்கு

வறண்ட புதர்க்காடுகளிலும் காட்டோரங்களிலும் வேலிகளிலும் தானே முளைத்து, இலை நுனியிலுள்ள பற்றுக்கம்பியால் அருகிலுள்ள செடிகளைப் பற்றி ஏறும் கிழங்குக்கொடியே செங்காந்தள். சத்துக் குறைந்த செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் அது பிழைத்து நிற்பதற்குக் காரணம், கோடையில் கொடி முழுதும் காய்ந்து மடிய, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து மழை கண்டதும் மீண்டும் தளிர்ப்பதேயாகும்.

சங்கப் புலவர்கள் காந்தளைக் குறிஞ்சி எனப்படும் மலைநிலத்தின் பூவாகப் போற்றினர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொடுக்கும் நீண்ட பூவரிசை அதிலிருந்தே தொடங்குகிறது. முருகனின் பூசாரியாகிய வேலன் அருள்வந்து ஆடும் வெறியாட்டோடும் அது பிணைந்திருந்தமையால், தொல்காப்பியம் அவ்வாடலைக் காந்தள் என்ற பெயரிலேயே ஒரு துறையாக, அதாவது பாடுபொருட் பிரிவாக, வகுத்தது.

ஊர்ப்புறத்தில் கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று வழங்கிய இக்கொடியின் எல்லா உறுப்புகளும் நஞ்சுடையவை. சித்த மருத்துவர் கிழங்கைச் சுத்தி செய்தே, அதாவது நச்சுத்தன்மையைத் தணித்தே, மருந்தில் சேர்த்தனர். உழவரோ அதைப் பயிராகக் கருதியதில்லை. அந்நஞ்சின் முதன்மைக் கூறான கோல்ச்சிசின், ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து 1820இல் பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்டு, கீல்வாத வகைகளுள் ஒன்றான கௌட் நோய்க்கு மருந்தானது. அதே பொருள் காந்தள் விதையிலும் கிடைப்பது தெரிந்த பின்னரே, வேலியோரக் கொடிக்கு ஏற்றுமதிச் சந்தை உருவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் வேதாரண்யம் பகுதியிலும் இது பயிராகப் பரவியது. உழவர்கள் ஆடி மாத வாக்கில் கிழங்கை ஊன்றி, முள்கிளுவைக் குச்சிகளையோ கம்பிப் பந்தலையோ கொடிக்குத் துணையாக நிறுத்தினர். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்பதால் காய்ப்பு குறைகிறது. ஆகவே காலை வேளையில் மகரந்தத்தைக் கையால் ஒற்றி வைக்கும் நுணுக்கமான வேலை இச்சாகுபடியின் தனி அடையாளமாயிற்று.

ஆயினும் நடவுக்கான கிழங்குகள் பெரும்பாலும் காட்டிலிருந்தே அகழப்பட்டதால், வயலில் பயிர் பெருகிய வேகத்தில் புதர்களில் கொடி அருகியது. தமிழ்நாட்டின் மாநில மலர் என்னும் சிறப்பு மட்டும் அதைக் காத்துவிடாது. நடவுக் கிழங்கை வயல்களிலேயே பெருக்கிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றினாலன்றி, இத்தொழில் தன் மூலவளத்தைத் தானே அழித்ததாகவே வரலாற்றில் பதிவாகும்.