கமகம் தொலைவது எங்கே? மிடி, சாம்பிளிங், ஒலித்தொகுப்பு பற்றி ஒரு மறுவிசாரணை

மின்னணுக் கருவிகளில் கர்நாடக இசை ஒட்டாமல் போவதற்கு மிடியே காரணம் என்பது இசை வகுப்புகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஏறக்குறைய முடிந்துபோன தீர்ப்பு. மிடி கீபோர்டுக்காகப் பிறந்தது. சுரங்களை 128 கட்டைகளுக்குள் அடைப்பது. இரு கட்டைகளுக்கு இடையே உலவும் கமகத்துக்கு அதில் இடமேது என்று கேட்பார்கள். இத்தீர்ப்பு தவறானது என்பதே என் வாதம். கமகம் மிடிக் கம்பியில் தொலைவதில்லை. அந்தக் கம்பி போய்ச் சேரும் சாம்பிளரில் தொலைகிறது.

மிடி எதைச் சுமக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது ஒலியைச் சுமப்பதே இல்லை. கட்டளையை மட்டும் சுமக்கிறது. சீக்வென்ஷியல் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் 1981-இல் சக பொறியாளர் ஒருவருடன் முன்வைத்த பொது இணைப்புத் திட்டம், ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷி முதலியோரின் முயற்சியுடன் சேர்ந்து, 1983 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சீக்வென்ஷியலின் புராஃபெட்-600, ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 என்ற இரு போட்டி நிறுவனக் கருவிகள் அன்று ஒரே கம்பியில் பேசின. எந்தச் சேனல், எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்பது ஒரு வகைக் கட்டளை. சுரத்தைக் கட்டையிலிருந்து மேலோ கீழோ வளைக்கும் ‘பிட்ச் பெண்ட்’ இன்னொரு வகை. மிடியைக் குறை கூறுவோர் முதல் வகையை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள்.

இரண்டாவதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வளைவுக் கட்டளைக்கு 14 பிட், அதாவது 16,384 படிகள். வளைவின் எல்லையை மேலே ஒரு ஸ்தாயி, கீழே ஒரு ஸ்தாயி என்று வைத்தால் மொத்தம் 2,400 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்); ஒரு படிக்குச் சுமார் 0.15 சென்ட். நல்ல சாதகம் உள்ள காதும் இவ்வளவு நுண்மையைப் பிரித்தறியாது. வேகம்? மிடிக் கம்பியில் நொடிக்கு 31,250 பிட் ஓடும். ஒரு வளைவுக் கட்டளைக்கு 30 பிட், அதாவது 0.96 மில்லிநொடி. நொடிக்கு 200 புள்ளிகள் வைத்துக் கமகத்தை வரைந்தாலும் கம்பியில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்புவதில்லை. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே நொடிக்குச் சில முறை அசைவதைத் தீட்டிக் காட்ட இது தாராளம்.

சேனல் முழுவதும் ஒன்றாக வளைகிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஒரு கட்டையை வளைத்தால் அதே சேனலில் ஒலிக்கும் மற்றவையும் வளையும். ஆனால் வீணையில் வாசிப்புத் தந்திகள் 4, தாளத் தந்திகள் 3. மிடியில் சேனல்கள் 16. தந்திக்கு ஒரு சேனல் என்ற முறையை கிட்டார் சிந்தசைசர்கள் 1980-களிலேயே கையாண்டன. அதையே ஒழுங்குபடுத்தியது 2018-இல் ஏற்கப்பட்ட எம்.பி.ஈ. என்ற மிடி விரிவு. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவு தரும் மிடி 2.0-வும் 2020-இல் வந்துவிட்டது. குரலுக்கும் நாகசுரத்துக்கும் புல்லாங்குழலுக்கும் இவை எதுவும் தேவையே இல்லை. அவை ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிப்பவை.

மிடியின் பெயரில் நடக்கும் உண்மையான கெடுதல்கள் வேறு. வளைவின் எல்லை வளைவுக் கட்டளைக்குள் இல்லை. அதைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். ஒரு ஸ்தாயி எல்லையில் செய்த கோப்பை, வழக்கமான இரண்டு அரைச்சுர எல்லையில் இருக்கும் கருவியில் திறந்தால், கமகம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எல்லையைக் கோப்பின் தலையில் எழுத வழி இருக்கிறது, எழுதுவோர் குறைவு. சில கருவிகளின் வளைவுச் சக்கரம் மேல் 7 பிட்டை மட்டும் அனுப்பும். அப்போது ஒரு ஸ்தாயி எல்லையில் ஒரு படி 18.75 சென்ட், வழுக்க வேண்டிய ஜாரு படிக்கட்டாகக் கேட்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் மென்பொருளின் திரையில் இருக்கிறது. கட்டம் போட்ட அத்திரை, ஒவ்வொரு சுரத்தையும் தனிக் கட்டையாக எழுதச் சொல்கிறது. வீணையில் ஒரே மீட்டில் தந்தியை இழுத்து மூன்று நான்கு சுரங்கள் பேசுவதுண்டு. அதைத் தனித்தனிக் கட்டைகளாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டு விழும். ஒரு கட்டையும் நீண்ட வளைவுமாக எழுதினால் மிடி அதை அப்படியே ஏற்கும்.

இப்போது மறுமுனையில் உள்ள சாம்பிளருக்கு வருவோம். சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் 1979-இல் வந்தது; 1981-இல் ஈமு நிறுவனத்தின் எமுலேட்டர். அன்று நினைவகம் மிகுந்த விலை. ஆகவே ஒரு சுரத்தைப் பதிவுசெய்து, அதையே வேகமாக ஓட்டி மேல் சுரங்களையும், மெதுவாக ஓட்டிக் கீழ்ச் சுரங்களையும் பெற்றார்கள். அங்கே ஒரு பெரிய பிழை புகுந்தது. வீணையில் தந்தியின் அதிர்வெண் மாறும்; குடத்தின் ஒத்ததிர்வு மாறாது. பதிவை வேகப்படுத்தும்போது இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. நான்கு அரைச்சுரம் உயர்த்தினால் எல்லா அதிர்வெண்களும் 26 விழுக்காடு உயரும். அசையாத சுரத்தில் காது இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கம்பிதத்தில் பொறுக்காது: நொடிக்குப் பல முறை குடமே சிறுத்துப் பருப்பதுபோல் ஆகிவிடுகிறது. பொம்மைத்தனம் என்று கேட்பவர்கள் உணர்வது இதைத்தான். பழி மட்டும் மிடிக்குப் போகிறது.

நினைவகம் மலிந்த பின்னும் நிலை மாறவில்லை. இன்றைய ஒலி நூலகங்கள் ஒவ்வொரு சுரத்தையும் பல அழுத்தங்களில் பதிகின்றன. பதிவின்போது கலைஞரிடம் கேட்பதோ அசைவற்ற சுரம். அசைவற்ற காந்தாரத்தை எத்தனை முறை பதிந்தாலும் அதில் தோடி இராது. முழுச் சங்கதிகளைப் பதிந்து வைப்பது இன்னொரு வழி. அங்கே கமகம் உறைந்துவிடுகிறது. காலம் இரட்டிக்கும்போது அசைவுகளும் அப்படியே இரட்டை வேகத்தில் ஓடுவதில்லை. சில உதிர்கின்றன, சில எளிமையாகின்றன. பாடுவோர் அனைவரும் அறிந்த இந்த நுட்பத்தைப் பதிவுத் துண்டு அறியாது. மிருதங்கத்தின் பல சொற்களுக்குச் சாம்பிளர் நன்றாகவே பயன்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒலித்தொகுப்பு இச்சிக்கலை வேறு இடத்திலிருந்து அணுகுகிறது. 1983-இல் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் வெளியிட்ட முறையில், இரைச்சல் துளி ஒன்று ஒரு தாமதச் சுழலில் சுற்றிச் சுற்றித் தேய்ந்து தந்தி நாதமாகிறது. சுழலின் நீளமே தந்தியின் நீளம். அதை எப்படி வேண்டுமானாலும் அசைக்கலாம். குடத்தைத் தனி வடிகட்டியாக வெளியே நிறுத்தலாம், அது அசையாது. இவ்வழியின் வளர்ச்சியான யமஹா விஎல்1 1994-இல் மூச்சுக் கட்டுப்பாட்டுடன் வந்து, குழல் கருவிகளின் உயிர்ப்பைக் காட்டியது. அது ஓடியது பழைய மிடியில்தான். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

எஃப்.எம். என்ற ஒலித்தொகுப்பு முறையைக் கண்டறிந்த ஜான் சௌனிங், ஒலித்தொகுப்பில் பாடும் குரலை உருவாக்கியபோது கவனித்த ஒன்றை நம் இசையியலாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தனித்தனியாகச் சேர்த்த அதிர்வெண்கள் குரலாகக் கேட்கவில்லை. அவை அனைத்துக்கும் ஒரே நுண்ணசைவைக் கொடுத்த கணத்தில் ஒன்றிணைந்து குரலாயின. அசைவு சுரத்தின் மேல் பூசும் அணி என்ற எண்ணத்தை இச்சோதனை உடைக்கிறது. கமகத்தைச் சுரத்தின் இயல்பாகவே கொள்ளும் நம் மரபுக்கு இது எவ்வளவு நெருக்கமானது!

நம் கருவிகளின் ஒலியியலும் புதிதன்று. வீணை, தம்புராவின் வளைந்த குதிரை தந்தியின் அதிர்வை எப்படி மாற்றுகிறது என்று சி.வி. ராமன் 1921-இலேயே எழுதினார். அந்தக் குதிரையையும் குடத்தையும் சேர்த்துக் கட்டும் வேலைக்கே இனி முதலிடம் தர வேண்டும். வீணையைப் பதிவுசெய்வோர், தந்தியின் மீட்டையும் குடத்தின் எதிரொலிப்பையும் பிரித்துப் பதியுங்கள். கோப்பு எழுதுவோர், வளைவின் எல்லையை முதல் வரியிலேயே எழுதுங்கள். இசைத் தொழில்நுட்பம் கற்பிப்போர், மாணவருக்குக் கட்டைகளைக் காட்டும் முன் வளைவை வரையக் கற்றுக்கொடுங்கள்.