அபினிக்குப் பதிலாக என்ன பயிரிடுவது?

சிட்னியின் தென்மேற்குப் புறநகரான கப்ரமாட்டாவில், ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் 1990களின் பிற்பகுதியில் ஹெராயின் ஏறக்குறைய பகிரங்கமாகவே விற்கப்பட்டு வந்தது. மெல்போர்னில் ஃபுட்ஸ்கிரே, ஸ்பிரிங்வேல், ரிச்மண்ட் ஆகிய பகுதிகளிலும் இதே நிலைதான். 1999 ஆம் ஆண்டில் மட்டும் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 54 வயது வரையிலானவர்களில் 1,116 பேர், ஹெராயின் உள்ளிட்ட அபினி வகைப் பொருட்களை அளவுக்கு மீறி உட்கொண்டதால் உயிரிழந்தனர்.

அந்த ஹெராயினில் பெரும்பகுதி, பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் மியன்மாரின் ஷான் மாநில மலைச்சரிவுகளில் விளைந்த கசகசாச் செடியிலிருந்து தொடங்கியது. அந்த மலை விவசாயிக்கு வேறொரு பயிரையும் வேறொரு வருமானத்தையும் ஏற்படுத்திக் கொடுத்துவிட்டால் கப்ரமாட்டாவில் மரணங்கள் குறையுமா என்பது இயல்பாக எழும் கேள்வி. ஐ.நா. ஆவணங்களில் "மாற்று வளர்ச்சி" என்று குறிப்பிடப்படும் கொள்கை, குறையும் என்ற நம்பிக்கையின் மீதே அமைந்துள்ளது. ஆனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அனுபவம், அந்த நம்பிக்கை பாதியளவே சரி என்று காட்டுகிறது.

விவசாயியின் கணக்கு

நல்ல விலை கிடைப்பதால் மட்டுமே விவசாயி கசகசாவை நாடுகிறார் என்று எண்ணுவது தவறு. விதைத்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் அது அறுவடைக்கு வந்துவிடுகிறது. காயின் தோலை மாலையில் கீறிவிட்டு, கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலையில் சுரண்டி எடுத்தால் அதுவே அபினி. அது எளிதில் கெட்டுப்போவதில்லை. ஒரு குடும்பத்தின் ஆண்டு விளைச்சல் ஒருவர் முதுகில் சுமக்கும் மூட்டைக்குள் அடங்கிவிடும். சாலை இல்லாத கிராமத்துக்கும் வியாபாரி தேடி வருவார். அறுவடைக்கு முன்பே முன்பணமும் கொடுப்பார். வீட்டில் அரிசி தீர்ந்துபோகும் மாதங்களில் அந்த முன்பணம்தான் அடுப்பெரிய வைக்கிறது.

முட்டைக்கோசுக்கும் தக்காளிக்கும் இந்த வசதிகள் எதுவும் கிடையாது. இரண்டு நாள் மலைப்பாதையில் பயணித்துச் சந்தைக்கு வந்து சேரும் தக்காளியை யார் வாங்குவார்கள்? காப்பி ஓரளவு தாக்குப்பிடிக்கும் பயிர்தான். ஆனால் நட்ட செடி பலன் கொடுக்க மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஆகவே கசகசாவை அகற்ற முனையும் எந்த அரசும் ஒரு பயிருக்கு மாற்றாக இன்னொரு பயிரைத் தருவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. சாலை, கடன் வசதி, கொள்முதல், நில உரிமை என்று அபினி வியாபாரி ஒருவரே ஈடுகட்டி வந்த பல குறைகளை அரசு நிரப்ப வேண்டியுள்ளது.

இதைச் செய்துகாட்டிய நாடாகப் பெரும்பாலும் தாய்லாந்தே எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கு 1960களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் கசகசா பயிரிடப்பட்டது. மன்னர் பூமிபோலின் ஆதரவில் 1969ல் மலைப்பகுதி வேளாண் திட்டம் தொடங்கியது. 1970களிலும் 80களிலும் ஆஸ்திரேலியாவும் வட தாய்லாந்து மலைகளில் வேளாண் ஆய்வுத் திட்டங்களுக்கு உதவியது. 1988ல் சியாங் ராய் மாகாணத்தில் டோய் துங் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு காப்பியோடு மக்காடமியா மரங்களும் நடப்பட்டன. மக்காடமியா குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்சின் வடபகுதிக்கும் உரிய மரம் என்பது ஆஸ்திரேலிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 2000களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் கசகசா சாகுபடி சில நூறு ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது.

இந்த வெற்றிக்கதையில் அதிகம் பேசப்படாத அம்சம் ஒன்று உண்டு. தாய்லாந்தில் அபினி 1950களின் இறுதியிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வயல்களை வலுக்கட்டாயமாக அழிக்கும் நடவடிக்கை 1980களின் நடுப்பகுதியில்தான் முறையாகத் தொடங்கியது. மாற்று வருமானம் முதலில் வந்தது, அழிப்பு பிறகு வந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். அவ்வளவு பொறுமை காட்டும் அரசுகள் அரிது.

எல்லைக்கு அப்பால் மியன்மாரில் வரிசை தலைகீழாக இருந்தது. கோகாங் பகுதியில் 2003லும், வா ஆயுதக்குழுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் 2005லும் அபினி தடை செய்யப்பட்டது. மாற்று ஏற்பாடுகள் பின்தங்கின. பல கிராமங்கள் உணவுப் பற்றாக்குறையில் சிக்கி, உலக உணவுத் திட்டத்தின் உதவியை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தன. மலைச்சரிவுகளில் ரப்பர் தோட்டங்கள் பரவின. அவற்றில் சொந்த நிலக்காரர்களாக இருந்தவர்கள் கூலிகளாக மாறினர். ஆயினும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதுவும் ஒரு வெற்றியே. ஐ.நா. மதிப்பீட்டின்படி மியன்மாரின் கசகசாப் பரப்பு 1996ல் 1,63,000 ஹெக்டேராக இருந்து 2006ல் 21,500 ஹெக்டேராகச் சரிந்தது.

2001ன் வறட்சி

2001 ஆம் ஆண்டு தொடங்கியபோது சிட்னியிலும் மெல்போர்னிலும் ஹெராயின் திடீரென்று கிடைக்காமல் போனது. ஆஸ்திரேலியாவில் இதனை "ஹெராயின் வறட்சி" என்றே அழைக்கின்றனர். முன்னர் குறிப்பிட்ட வயதுப் பிரிவினரிடையே உயிரிழப்புகள் அந்த ஆண்டில் 386 ஆகக் குறைந்தன. ஆஸ்திரேலியாவில் சட்டபூர்வமாக இயங்கும் முதலாவது மருத்துவக் கண்காணிப்பு ஊசி மையம் சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் 2001 மே மாதம் திறக்கப்பட்டபோது, இந்த வறட்சி ஏற்கனவே தொடங்கியிருந்தது.

இதற்கான காரணம் குறித்து ஆய்வாளர்களிடையே இன்றளவும் கருத்தொற்றுமை இல்லை. பெரிய அளவிலான கைப்பற்றல்களும் கடத்தல் குழுக்கள் உடைக்கப்பட்டதும் காரணம் என்பது ஒரு தரப்பு. மியன்மாரில் விளைச்சல் குறைந்ததும், கடத்தல்காரர்கள் வேறு சந்தைகளையும் வேறு போதைப்பொருட்களையும் நாடியதும் காரணம் என்பது மற்றொரு தரப்பு. மலையில் கசகசாப் பரப்பு பத்தாண்டுகளில் படிப்படியாகச் சுருங்கியது. சிட்னித் தெருக்களில் ஹெராயின் சில வாரங்களுக்குள் வற்றிப்போனது. இவ்விரு கடிகாரங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மாற்று வாழ்வாதாரத் திட்டங்களுக்கு இந்த வறட்சியில் முழுப் பங்கு உண்டு என்று உரிமை கோருவது கடினம்.

மலைக்கும் நகரத்துக்கும் இடையிலான தூரத்தைக் கடப்பவர்களைப் பற்றியும் இங்கு சொல்லியாக வேண்டும். 2005 ஏப்ரலில் பாலியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 8 கிலோவுக்கும் அதிகமான ஹெராயினைக் கடத்த முயன்றதாக ஒன்பது ஆஸ்திரேலியர்கள் இந்தோனேசியாவில் கைது செய்யப்பட்டனர். அவர்களில், இலங்கைப் பின்னணி கொண்ட சிட்னி இளைஞர் மயூரன் சுகுமாரனுக்கும் ஆண்ட்ரூ சானுக்கும் 2015 ஏப்ரல் 29 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சுகுமாரன் சிறையில் ஓவியராகியிருந்தார். பொதுவாக ஒரு கிலோ ஹெராயினுக்கு ஏறத்தாழ பத்து கிலோ அபினி தேவைப்படுகிறது. அந்தப் பத்து கிலோவுக்கு விவசாயி பெறும் தொகை, சிட்னித் தெரு விலையில் மிகச் சிறிய துளி மாத்திரமே.

டாஸ்மேனியா என்னும் முரண்

கசகசாவைப் பற்றி ஆஸ்திரேலியா பேசும்போது எழும் ஒரு சங்கடமும் உண்டு. அந்நாடே உலகின் மிகப்பெரிய சட்டபூர்வ கசகசா உற்பத்தியாளர்களுள் ஒன்று. டாஸ்மேனியாவின் வயல்களில் விளையும் பயிர் மார்பின் உள்ளிட்ட வலி நிவாரண மருந்துகளுக்கான மூலப்பொருளாகிறது. அங்கு யாரும் காயைக் கீறுவதில்லை. உலர்ந்த காய்கள் இயந்திரங்களால் அறுவடை செய்யப்பட்டு நேரே ஆலைக்குச் செல்கின்றன. விவசாயிக்கு உரிமம் உண்டு, நிறுவனத்தோடு ஒப்பந்தமும் உண்டு.

இந்தியாவிலும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற விவசாயிகள் அபினி பயிரிடுகின்றனர். துருக்கி 1971ல் தடை விதித்து, 1974ல் அதனை விலக்கிக்கொண்டு, காயைக் கீறாத முறையில் உரிமச் சாகுபடிக்கு மாறியது. இதே வழியை ஆப்கானிஸ்தானும் பின்பற்றலாம் என்ற யோசனை 2005ல் முன்வைக்கப்பட்டபோது அது ஏற்கப்படவில்லை. உரிமம் வழங்கவும் வயலைக் கண்காணிக்கவும் வல்ல அரசு இருந்தால்தான் அது சாத்தியம். அத்தகைய அரசு இல்லாத இடங்களில்தான் சட்டவிரோத அபினி விளைகிறது.

வறுமை மட்டுமே காரணம் என்ற வாதமும் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. சிட்னிக்கு மேற்கே, நல்ல பாசன வசதியுள்ள கிரிஃபித் பகுதியில் 1970களில் குற்றக்குழுக்களின் ஏற்பாட்டில் பெருமளவு கஞ்சா பயிரிடப்பட்டது. அதற்கு எதிராகக் குரல் கொடுத்த உள்ளூர் வணிகர் டொனால்ட் மக்கே 1977 ஜூலையில் காணாமல் போனார். அவரது உடல் இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை.

தடைக்குப் பின்

தலிபான்கள் 2022 ஏப்ரலில் விதித்த தடையை அடுத்து ஆப்கானிஸ்தானின் கசகசாப் பரப்பு 2,33,000 ஹெக்டேரிலிருந்து 2023ல் 10,800 ஹெக்டேராக வீழ்ந்தது. அபினியால் விவசாயிகள் பெற்ற வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராகக் குறைந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. அந்த இடைவெளியை கோதுமையால் நிரப்ப முடியவில்லை.

அதே ஆண்டில் மியன்மார் 47,100 ஹெக்டேருடன் உலகின் மிகப்பெரிய அபினி உற்பத்தி நாடானது. அங்கு 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் சாலைகள் மூடப்பட்டன, உரவிலை ஏறியது, சந்தைகள் துண்டிக்கப்பட்டன. அபினிக்கு விவசாயி பெறும் விலையோ 2023ல் கிலோவுக்கு ஏறத்தாழ 355 டாலராக உயர்ந்தது. தென் ஷானில் ஐ.நா. உதவியுடன் காப்பிக்கு மாறிய விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு ஒன்று பிரெஞ்சு நிறுவனத்துடன் விற்பனை ஒப்பந்தம் செய்திருந்தது. அத்தகைய முயற்சிகள் போரின் நடுவே மிகச் சிறிய தீவுகளாகவே எஞ்சியுள்ளன.

இதற்கிடையே சிட்னியும் மெல்போர்னும் மாறிவிட்டன. 2016 முதல் ஆஸ்திரேலியாவில் நடத்தப்படும் கழிவுநீர்ப் பரிசோதனைகள், அங்கு மெதாம்ஃபெட்டமின் ஹெராயினைவிடப் பன்மடங்கு அதிகமாக உட்கொள்ளப்படுவதைக் காட்டுகின்றன. அதில் ஒரு பங்கு ஷான் மாநிலத்திலிருந்தே வருகிறது. ஆனால் அது வயலில் விளைவதல்ல, ரசாயனக் கூடங்களில் தயாராவது. அங்கு மாற்றுப் பயிர் கொடுக்க விவசாயியே இல்லை.

தமிழர் வாழும் பகுதிகளைப் பொறுத்தவரை, இந்தக் கேள்வி இன்னும் வயலைச் சார்ந்ததாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர - ஒடிஷா எல்லையிலுள்ள பழங்குடியினர் பகுதிகளிலிருந்து வருகிறது. அதில் ஒரு பகுதி கடல் கடந்து யாழ்ப்பாணம் சேரும்போது, எங்கு விளைந்திருந்தாலும், "கேரள கஞ்சா" என்றே பெயர் பெறுகிறது. 2021ன் இறுதியில் ஆந்திரக் காவல்துறை "பரிவர்த்தன்" என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாவை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனக்காப்பள்ளி அருகே ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோ கஞ்சா எரிக்கப்பட்டது.

அதே மலைத்தொடரில்தான், பாரிஸ் நகரில் தனிக்கடை கண்ட அரக்கு காப்பியும் விளைகிறது. கஞ்சாவைக் கைவிட்ட குடும்பங்களுக்குக் காப்பிக் கன்றுகளும் மிளகுக் கொடிகளும் வழங்கப்பட்டு வருகின்றன. கன்று காய்ப்பதற்கு ஆகும் மூன்று, நான்கு ஆண்டுகளில் குடும்பம் எதைக் கொண்டு வாழும் என்பதை யாரேனும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தாக வேண்டும். இல்லையேல் வியாபாரி அடுத்த விதைப்புக்கு முன்பணத்தோடு வந்து நிற்பார்.