மின்பட்டியலை முன்கூட்டியே கணிப்பது

மின்கட்டணத் திருத்தம் அறிவிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் ஒரு சராசரிச் சதவீதமே பத்திரிகைகளின் தலைப்பாகி விடுகின்றது. 2022 ஆகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் அதிகரிப்பு என்றவாறே அச்செய்திகள் அமைந்திருந்தன. ஆனால் மாதமொன்றுக்கு 30 அலகுகளை மாத்திரம் பயன்படுத்தும் ஏழைக் குடும்பமொன்று 2014 செப்டெம்பர் முதல் செலுத்தி வந்த 105 ரூபா, 2022 ஆகஸ்டில் 360 ரூபாவாகவும் 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாவாகவும் உயர்ந்தது. 66 சதவீதம் என்று கூறப்பட்ட அதிகரிப்பு, ஆகக் குறைந்த பாவனையாளரைப் பொறுத்தவரை மூன்றரை மடங்கிற்கும் அதிகமாக இருந்தது. அதே 30 அலகுகளுக்கான கட்டணம் 2025 ஜனவரியில் 195 ரூபாவாகக் குறைந்தது. இத்தகைய ஏற்றத்தாழ்வுகளுக்கு மத்தியில் மாத வருமானத்தைத் திட்டமிட்டுச் செலவிடுவது எவ்வாறு என்பதே சாதாரண குடும்பங்களின் கேள்வியாகும்.

கட்டணம் எத்திசையில் நகரும் என்பதைச் சாதாரண வாசகரும் ஓரளவு ஊகிக்க முடியும் என்பது எமது கருத்தாகும். முதலில் கவனிக்க வேண்டியது மழையையே. காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகிய நீர்த்தேக்கங்கள் நிறைந்திருக்கும் வரை மலிவான மின்சாரம் கிடைக்கும். அவை வற்றத் தொடங்கினால் எண்ணெயை எரித்து மின்னுற்பத்தி செய்வதைத் தவிர வேறு வழியிருப்பதில்லை. அடுத்தது, 900 மெகாவாட் கொள்திறன் கொண்ட நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கான நிலக்கரி. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால், நிலக்கரி பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரையிலான காலத்திலேயே இறக்கப்படுகின்றது. அக்காலப்பகுதியின் உலகச் சந்தை விலையும் டொலருக்கெதிரான ரூபாவின் பெறுமதியும் அடுத்து வரும் மாதங்களின் பட்டியலில் எதிரொலிக்கும்.

எனினும் எதிர்வுகூறல் பிழைத்துப் போவதும் உண்டு. நீர்மின் உற்பத்தி குறையும் என்ற எதிர்பார்ப்பின் பின்னணியில் 2023 அக்டோபரில் கட்டணம் 18 சதவீதத்தால் உயர்த்தப்பட்டது. அதன்பின் மழை தாராளமாகப் பெய்தது. 2024 மார்ச்சில் 21.9 சதவீதமும் ஜூலையில் 22.5 சதவீதமும் குறைக்கப்பட்டன. 2025 ஜனவரியில் மேலும் 20 சதவீதம் குறைக்கப்பட்டபோது மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் உற்பத்திச் செலவைக் கட்டணம் ஈடுசெய்ய வேண்டும் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை இருக்கையில் அது நிலைக்குமா என்ற ஐயமும் அப்போதே எழுந்தது. அவ்வாண்டு ஜூனில் 15 சதவீத அதிகரிப்பு வந்தது. பெரிய குறைப்பொன்று கிடைக்கும்போது மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனமாகும்.

மழையும் டொலரும் எமது கையில் இல்லை. எந்தக் கட்டணப் படியில் நிற்கின்றோம் என்பது ஓரளவு எமது கையில் உள்ளது. 60 அலகுகளைத் தாண்டியவுடன் ஆரம்ப அலகுகளுக்கான சலுகை விலையும் பறிபோகின்றது. 2014 முதல் 2022 வரை நிலவிய விகிதத்தின்படி 60 அலகுகளுக்கு 280 ரூபா 50 சதம். 61 அலகுகளுக்கோ 571 ரூபா. ஓர் அலகு கூடியதால் பட்டியல் இரட்டிப்பாகியது. விலைகள் பின்னர் மாறிய போதிலும் இந்தப் படிமுறை தொடர்ந்தது.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவோர் ஒரே மின்மானியின் கீழ் வாழும் இரு குடும்பங்களாவர். கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் பெற்றோரும் மணமுடித்த மகளின் குடும்பமும் ஒரே வளவில் வசிப்பது வழமை. கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளிலும் இடம்பெயர்ந்தோர் உறவினருடன் தங்கிய வடக்கின் வீடுகளிலும் இதே நிலை காணப்படுகின்றது. மேற்கூறிய பழைய விகிதத்தின்படி, தலா 60 அலகுகள் பயன்படுத்தும் இரு குடும்பங்கள் தனித்தனி மானிகளுக்குச் செலுத்துவது 561 ரூபா. ஒரே மானியில் 120 அலகுகளாயின் 2,083 ரூபா 50 சதம். வசதியுள்ளவரின் ஆடம்பரத்துக்கென வகுக்கப்பட்ட உயர்படி விலை, இடநெருக்கடியில் வாழும் எளியவர் மீது தண்டமாக விழுகின்றது. தனி இணைப்புப் பெறும் செலவை இந்த வேறுபாட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஏனையவர்கள் மாத நடுப்பகுதியில் மானியைத் தாமே வாசித்துப் பார்க்கலாம். பதினைந்து நாளில் 30 அலகுகள் கடந்திருந்தால் எல்லை மீறப்படப் போகின்றது என்பது தெளிவு. ஆயிரம் வாட் மின்னழுத்தி முழு வெப்பத்தில் ஒரு மணி நேரம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். கிணற்று நீரை இறைக்கும் 750 வாட் மோட்டார் அதே நேரத்தில் முக்கால் அலகை உறிஞ்சிவிடும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் பழைய குமிழ் மாதத்தில் 9 அலகுகளைச் செலவிட, 9 வாட் எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகும் தேவைப்படுவதில்லை. நோன்பு காலத்தில் ஸஹருக்காக அதிகாலையிலேயே சமையலறை இயங்கும் வீடுகளில் இக்கணக்கு மேலும் அவசியமாகின்றது.

கட்டணத் திருத்தங்களுக்கு முன்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்துகளை எழுத்து மூலமும் வாய்மொழியாகவும் கோருகின்றது. 2025 அக்டோபரில் மின்சார சபை கோரிய 6.8 சதவீத அதிகரிப்பை ஆணைக்குழு நிராகரித்தமை இந்த அமர்வுகள் வெறும் சடங்கல்ல என்பதைக் காட்டுகின்றது. ஒரே மானியைப் பகிரும் குடும்பங்களின் பிரச்சினையை எமது பிரதேசங்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பட்டியல்களின் பிரதிகளுடன் அங்கு முன்வைக்க வேண்டும்.