பிஸ்டன் பின்னும் ஒரு ஸ்பிரிங் வாஷரும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் மாமா மகன் திண்டுக்கல்லிலிருந்து போன் செய்தான். கொட்டகையில் வருடக்கணக்காகத் தூசி படிந்து நின்ற மாமாவின் அம்பாசிடரை மறுபடி ஓட வைக்கப் போகிறானாம். இன்ஜினை இறக்கிப் பிரித்தாகிவிட்டது. "அத்தான், பிஸ்டன்ல இருந்து பின்னு வரமாட்டேங்குது. ரெண்டு பக்கமும் சர்க்ளிப்பையும் காணோம். சுத்தியல் வெச்சு ஒரு தட்டு தட்டவா?" என்றான். "தட்டாதே மாப்பிள்ளை!" என்று நான் போட்ட சத்தத்தில் உங்கள் டீச்சரம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

அந்த இன்ஜினில் சர்க்ளிப் இருக்காது. ஏன் இருக்காது என்பதில் ஒரு வரலாறு இருக்கிறது. எனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் பின் என்றால் என்ன என்று பார்ப்போம். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் இரும்புக் குழாய் அது. நம் கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். சிலர் இதை அச்சாணி என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அச்சாணி சக்கரம் கழலாமல் காவல் காப்பது. இதுவோ முழுப் பாரத்தையும் சுமப்பது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது பிஸ்டன் நொடிக்கு 100 முறை நின்று திரும்புகிறது. ஒன்பதாம் வகுப்பில் போட்ட வட்ட இயக்கக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். மேல் முனையில் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 400 மடங்கைத் தாண்டிவிடும். அரை கிலோ பிஸ்டன் 200 கிலோ மூட்டையாக மாறி அந்தப் பின்னைப் பிடித்து இழுக்கிறது. அதுவும் நொடிக்கு ஐம்பது முறை! போதாக்குறைக்கு, மற்ற பேரிங் போல இது முழுச் சுற்றும் சுற்றுவதில்லை. ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் பதினைந்து டிகிரி போல ஆடுகிறது, அவ்வளவுதான். அதனால் எண்ணெய்ப் படலம் நிற்பதும் கஷ்டம்.

இந்தப் பின் பக்கவாட்டில் நழுவினால் சிலிண்டர் சுவரை உழுதுவிடும். நழுவாமல் எப்படிப் பிடிப்பது என்பதற்கு நூறு வருடத்தில் மூன்று வழி கண்டார்கள். பழைய வழி, ராடின் மேல் கண்ணைக் கவட்டை போலப் பிளந்து, ஒரு போல்ட் போட்டுப் பின்னை இறுக்கிவிடுவது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு செய்த மாடல் டி-யில் இதுதான். பின் ராடோடு ஒட்டிக்கொள்ளும். பிஸ்டனில் இருக்கும் வெண்கலப் புஷ்ஷுக்குள் ஆடும். அப்போது பிஸ்டன் வார்ப்பிரும்பு. 1913-ல் பென்ட்லி என்ற ஆங்கிலேயர் தான் விற்ற பிரெஞ்சுக் காருக்கு அலுமினியப் பிஸ்டன் போட்டுப் பார்த்தார். முதல் உலகப் போரில் அது விமான இன்ஜினுக்குள் போனது. பிறகு எல்லாக் காருக்கும் வந்துவிட்டது. இரண்டாவது வழி, பின்னை எதோடும் ஒட்டாமல் மிதக்கவிட்டு, இரண்டு ஓரத்திலும் சர்க்ளிப் போடுவது. மூன்றாவது, ராடின் கண்ணைச் சூடாக்கிப் பின்னை அழுத்தி விடுவது, ஆறியதும் கவ்விக்கொள்ளும்.

நம் அம்பாசிடர் 1957-ல் வங்காளத்தின் உத்தரபாராவில் பிறந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸின் அச்சு அசல். சில வருடங்களில் அதற்கு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் இன்ஜின் வந்தது. பெயர்தான் மோரிஸ் வண்டி. இந்த இன்ஜின் ஆஸ்டின்காரர்களின் பரம்பரை. 1952-ல் இரண்டு கம்பெனியும் ஒன்றாகி பி.எம்.சி ஆனதால் வந்த கலப்புத் திருமணம் அது. அதே குடும்பத்து இன்ஜின்தான் எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் காருக்கும். 1964-ல் அங்கே ஐந்து பேரிங் க்ராங்க் வந்தபோது பின்னையும் மிதக்கவிட்டுச் சர்க்ளிப் போட்டார்கள். மாமா வண்டியில் மாடல் டி காலத்துக் கவட்டையும் போல்ட்டும்தான்.

இனி என் பங்கு. 1974 கோடை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்து மாமா வீட்டில் இருந்தேன். அந்த அம்பாசிடர் அப்போது டாக்சி. வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட ஒரு பட்டறைக்கு விட்டார். எனக்கு வேடிக்கை பார்க்க ஆசை. மேஸ்திரி என்னைக் கையாளாகச் சேர்த்துக்கொண்டார்.

அவர் வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். பிஸ்டனைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார். துணியால் எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவிய பின்னைக் கட்டைவிரலால் தள்ளுவார். வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியம் இரும்பைவிட இரு மடங்கு விரியும். 70 டிகிரி சூட்டில் அந்தத் துளை 0.03 மில்லிமீட்டர் போலப் பெரிதாகும், தலைமுடியில் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல் அவர் விரலுக்கு அது தெரிந்திருந்தது. பின்னின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அது போல்ட் துளைக்கு நேராக வரும்வரை பின்னைத் திருப்புவார். அப்புறம் ராடை வைஸில் பிடிக்கவே மாட்டார். ராடு முறுகிவிடும் என்பார். பின்னின் இரு முனையிலும் கட்டை செருகி, அதைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்குவார்.

போல்ட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர். மண்ணெண்ணெயில் கழுவி, வாஷரை மாட்டி, போல்ட்டை அவர் கையில் கொடுப்பது என் வேலை. நான்கு போல்ட், நான்கு வாஷர். தட்டில் எண்ணி வைத்ததும் நான்தான். நான்காவது பிஸ்டன் வந்தபோது மாமா வாசலில் நின்று "இன்னும் முடியலையா?" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு நின்றுகொண்டு ஓடும்போது டக் டக் என்று இரட்டைத் தட்டல். நான்காவது பிளக் வயரைப் பிடுங்கினால் சத்தம் மாறியது. மாமா ஒரு சவாரியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று கொடைரோடு போனார். வழியிலேயே போல்ட் உடைந்து, பின் நழுவி, சிலிண்டரில் விரல் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டது. ஸ்லீவ் போட்டு மறுபடி ஓட்ட இரண்டு மாதம் ஆனது. அத்தையின் வளையல் போனது. மாமா தெருவில் நின்று மேஸ்திரியைத் திட்டினார். "நான் சரியாத்தான் இறுக்கினேன் அண்ணாச்சி" என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருவரும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. டாக்சிக்காரர்கள் பலரும் அந்தப் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், கோடையில் பட்டறைக்குப் போட்டுப்போன காக்கி டவுசரை அம்மா துவைக்க எடுத்தாள். பையிலிருந்து ஒரு ஸ்பிரிங் வாஷர் விழுந்தது.

அது அந்த நான்காவது போல்ட்டுடையதுதானா என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும். மாமாவிடம் சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், அப்புறம் வேலை, கல்யாணம். முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் "தப்பு பண்ணினவன் எழுந்திரு" என்று சொன்னவன் நான்.

மேஸ்திரியின் பேரன் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவன். இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்து போடுகிறான். தம்பி, உன் தாத்தா சரியாகத்தான் இறுக்கினார். உன் அப்பாவிடமும் இதைப் படித்துக் காட்டு. அடுத்த வாரம் நானே நேரில் வருகிறேன்.

மாப்பிள்ளை, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். திட்டுவதென்றால் போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ராடின் பக்கத்தில் போல்ட்டின் தலை தெரியும். அதை முழுவதும் கழற்றி எடுத்தால்தான் பின் வரும். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதே. நான்கும் புதிதாக வாங்கு, வாஷரும் நான்கு. கையாளாகச் சின்னப் பையன் யாராவது இருந்தால், முறுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு போல்ட்டையும் நீயே ஒருமுறை பார்த்துக்கொள்.