பிறந்த இடத்தால் வந்த பெயர்

ஸ்டீராய்டு என்றதும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய ஓட்டக்காரரோ ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலரோதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் இரண்டும் கிடைக்காது. கிடைப்பது பித்தப்பைக் கல்.

அந்தக் கல்லில் இருந்த மெழுகு போன்ற வெள்ளைப் பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலர் மிஷெல் ஷெவ்ரல் 1816 வாக்கில் 'கொலஸ்டரின்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கொலே' என்றால் பித்தம். 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது. அது ஆல்கஹால் வகை என்று தெரிந்தபின் ஈறு மாறிக் கொலஸ்டிரால் ஆயிற்று. பின்பாதியை மட்டும் நறுக்கி 'ஸ்டெரால்' என்றார்கள். அதே கட்டமைப்புள்ள எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக, 'போன்றது' என்று பொருள்தரும் ஈற்றைச் சேர்த்து, 1936இல் ஆய்வாளர்கள் காலோவும் யங்கும் 'ஸ்டீராய்டு' என்றனர். பித்தம் உதிர்ந்துபோய்க் கெட்டி மட்டும் தங்கியது. பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவுக்கும் இதே வேர்தான்.

நரம்பைக் குறிக்கும் 'நியூரோ' என்ற முன்னொட்டு வந்து சேர இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. அட்ரீனல் சுரப்பியிலும் விரையிலும் சூலகத்திலும் உண்டாகும் ஸ்டீராய்டு இரத்தத்தில் ஏறிப் போய் வேலை செய்கிறது என்பதே அன்றைய பாடம். ஆய்வாளர் ஹான்ஸ் செலியே 1941இல் எலிகளுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டை ஊசியில் செலுத்தியபோது அவை மயக்க மருந்து கொடுத்தவைபோலக் கிடந்தன. ஆக, ஸ்டீராய்டு மூளைமேல் வேலை செய்யும் என்பது தெரிந்ததுதான். ஆனால் மூளை வாங்கிக்கொள்ளும் இடம், உண்டாக்கும் இடமல்ல என்றே கருதப்பட்டது.

பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனை வளாகத்தில் எத்தியென்-எமில் போலியூவின் குழு இதைச் சோதித்தது. எலி மூளையில் டிஎச்இஏ சல்ஃபேட் என்ற ஸ்டீராய்டு இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக இருந்தது. அட்ரீனலையும் விரைகளையும் வெட்டியெடுத்து 15 நாள் ஆன பிறகும் அளவு குறையவில்லை. ஊற்றை அடைத்தும் நீர் வற்றவில்லை என்றால் ஊற்று வேறெங்கோ இருக்கிறது. மூளையே அதை உண்டாக்குகிறது என்ற முடிவோடு 1981இல் பிறந்த பெயர்தான் 'நியூரோஸ்டீராய்டு'. பெயரிட்டவரின் சொந்தப் பெயரோ பிறப்பில் வந்ததல்ல. எத்தியென் பிளும் ஆகப் பிறந்தவர், நாஜி ஆக்கிரமிப்பை எதிர்க்கும் இயக்கத்தில் சேர்ந்தபோது போலியூ ஆனார்.

நன்னூல் வழியில் சொன்னால் இது காரணப்பெயர். காரணம், பிறந்த இடம். அப்பொருள் மூளையில் என்ன செய்யும் என்பதைப் பெயர் சொல்வதில்லை. அந்தக் குறையை நிரப்ப 1992இல் பால், பர்டி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 'நியூரோஆக்டிவ் ஸ்டீராய்டு' என்ற பெயரை முன்வைத்தனர். எங்கே உண்டானாலும் சரி, ஆய்வுக்கூடத்தில் செய்ததானாலும் சரி, நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் வேலை செய்தால் அது இந்த வகை. முன்னது ஊரைச் சொல்லும் பெயர், பின்னது தொழிலைச் சொல்லும் பெயர்.

தொழில் என்ன என்பதை எலியின் நினைவாற்றலில் பார்த்தார்கள். ரிச்சர்ட் மோரிஸின் நீர்ப்புதிர்ச் சோதனையும் 1981இல் வெளிவந்ததுதான். வட்டத் தொட்டியில் பால் கலந்த கலங்கல் நீர். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை. முதல் நாள் எலி சுற்றிச் சுற்றி நீந்தித் தற்செயலாக மேடையேறும். அறையின் அடையாளங்களை மனத்தில் பதித்துக்கொண்டால் சில நாளில் நேரே அங்கு போய்விடும். பிரான்சில் 1997இல் வெளியான ஆய்வில், இதில் தடுமாறிய முதிய எலிகளின் மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் பிரெக்னெனலோன் சல்ஃபேட் குறைவாக இருந்தது. அதை ஊசியில் கொடுத்ததும் நினைவு தற்காலிகமாகத் தேறியது. 'பிரெக்னெனலோன்' என்பது கர்ப்பிணிகளின் சிறுநீரில் முதலில் கிடைத்த பொருள் ஒன்றை ஒட்டி எழுந்த பெயர். அந்தப் பெயர் இங்கே ஆண் எலியின் ஞாபகத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது.

அதே குடும்பத்து அல்லோபிரெக்னனலோன் நேர் எதிர். சுவீடனில் 2002இல் அதை எலிகளுக்குச் செலுத்தியபோது மேடையைக் கற்றுக்கொள்ளவே திணறின. நரம்பணுவை அடக்கும் காபா ஏற்பியின் வேலையை இது தூக்கிவிடுகிறது. பிரெக்னெனலோன் சல்ஃபேட்டோ தணிக்கிறது. ஸ்டீராய்டு என்ற ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு, நினைவை வளர்க்குமா கெடுக்குமா என்று கேட்டால் விடை வராது.

இதற்கிடையே நியூரோஸ்டீராய்டு என்ற பெயரின் மூலக்காரணமே ஆட்டம் கண்டது. பழைய முறையில் சல்ஃபேட்டைப் பிளந்து மறைமுகமாக அளந்தார்கள். பின்னாளில் நிறை நிறமாலைமானியைக் கொண்டு நேரடியாக அளந்தபோது, எலி மூளையில் இந்த சல்ஃபேட்டுகள் மிகச் சொற்பமாகவே தென்பட்டன, சில ஆய்வுகளில் தென்படவே இல்லை. பிரெக்னெனலோன் சல்ஃபேட்டைச் சர்ச்சைக்குரிய நியூரோஸ்டீராய்டு என்று தலைப்பிலேயே குறிக்கும் கட்டுரை 2008இல் வந்தது. அதை எழுதியோர் போலியூவின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஆனாலும் பெயர் விழவில்லை. கொலஸ்டிராலிலிருந்து ஸ்டீராய்டு செய்யத் தேவையான நொதிகள் மூளையணுக்களில் இருப்பது உறுதியாகிவிட்டது. புரோஜெஸ்டிரோனும் அல்லோபிரெக்னனலோனும் மூளையில் உண்டாவதும் உறுதிப்பட்டது. முதல் சாட்சி பிறழ்ந்தபோதும் வழக்கு நின்றது.

இன்று இரு பெயர்களும் வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன. எங்கே உண்டாகிறது என்று தேடும் ஆய்வுக்கூடத்தில் நியூரோஸ்டீராய்டு. மருந்துப் பெட்டிக்கோ இரண்டாவது பெயர்தான் பொருந்தும், ஏனென்றால் உள்ளே இருப்பது தொழிற்சாலையில் செய்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2019இல் ஒப்புதல் பெற்ற பிரெக்சனலோன், அல்லோபிரெக்னனலோனேதான். 2023இல் வந்த கேப்சூலான சுரனலோன் அதன் உறவு. இரண்டும் நியூரோஆக்டிவ் ஸ்டீராய்டு என்றே விற்பனைக்கு வந்தன. சுரனலோன் எடுத்துக்கொண்டால் குறைந்தது 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. தொட்டியில் எலியைத் திணறவைத்த அதே தொழில்தான் இங்கே மருந்தாகவும் எச்சரிக்கையாகவும் இருக்கிறது. அதைச் சொல்ல ஊர்ப்பெயர் போதாது.