ஒளிக்கதிரும் உறங்கும் கிருமியும்

மூக்குக்கண்ணாடியின் துணையின்றிப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் பலருக்கும் உண்டு. அவ்வாவலை நிறைவேற்றிய ஒளிக்கதிரின் வரலாற்றையும், அக்கதிரால் விழித்தெழக்கூடிய ஒரு கிருமியின் வரலாற்றையும் நாம் ஒருங்கே அறிதல் நலம்.

1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தில் பயின்றவர் ரங்கசாமி சீனிவாசன். அவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றுகையில், 1981 நவம்பரில், விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டின் மீது எக்ஸைமர் லேசரின் புற ஊதாக் கதிர் பாய்ச்சப்பட்டது. கதிர் பட்ட இடம் மட்டும் செதுக்கினாற்போல் நீங்கிற்று. அருகிலுள்ள பகுதி கருகவில்லை. கருவிழிப் படலத்தையும் இவ்வாறே செதுக்கலாம் என்பதைக் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கெலும் சீனிவாசனும் 1983-இல் வெளியிட்டனர். 1988-இல் மார்கரீட் மக்டொனால்ட் என்னும் மருத்துவர் பார்வையுள்ள மனிதக் கண்ணில் இச்சிகிச்சையை முதன்முதலாகச் செய்தார்.

இனிக் கிருமியின் கதைக்கு வருவோம். உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் ஹெர்ப்பிஸ் வைரஸ் பெரும்பாலும் இளமையிலேயே உடலில் புகுகிறது. பின்னர் முகத்து உணர்வு நரம்பின் முடிச்சில் உறங்கிக் கிடக்கிறது. விழித்தெழுந்து கருவிழியை அடையுமாயின், மரக்கிளை போன்ற புண்ணை உண்டாக்கும். அப்புண் மீண்டும் மீண்டும் தோன்றினால் தழும்பு விழுந்து பார்வை குன்றும். 1962-இல் ஹெர்பர்ட் காஃப்மன், ஐடாக்ஸுரிடின் என்னும் மருந்து இப்புண்ணை ஆற்றுவதைக் காட்டினார். பின்னர் வந்த அசைக்ளோவிர் மருந்தின் ஆராய்ச்சியில் முன்னின்ற ஜெர்ட்ரூட் எலியன், 1988-இல் நோபல் பரிசு பெற்றார். லேசர் மனிதப் பார்வையைத் திருத்தத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான்!

இவ்விரு வரலாறுகளும் ஒரே கண்ணில் சந்திப்பதுண்டு. புற ஊதாக் கதிரும், நரம்பு அறுபடுதலும், சிகிச்சைக்குப் பின் இடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் உறங்கும் வைரஸை எழுப்பக்கூடும். கதிரே அதனை எழுப்ப வல்லது என்பதை 1990-க்குப் பின் விலங்குச் சோதனைகள் காட்டின. மனிதரிடத்தே இது அரிது, எனினும் நேர்ந்துள்ளது. சாதாரண அழற்சி என்றெண்ணி வைரஸ் மருந்தின்றி ஸ்டீராய்டை மிகுத்தால், நோய் முற்றும்.

ஆதலால், முன்னொரு காலத்தில் கண்ணில் இத்தகைய புண் வந்ததுண்டா என மருத்துவர் வினவும்போது, சிகிச்சை தடைபடுமோ என அஞ்சி நாம் மறைத்தலாகாது. அந்த ஒரு விடையே, தக்க தடுப்பு மருந்தைத் தரவோ, சிகிச்சையையே தவிர்க்கவோ மருத்துவருக்கு வழிகாட்டும். கண்ணாடி அணிதல் ஒரு குறையன்று. கண்ணை இழத்தலே பேரிழப்பு.